ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா? கணிப்பொறி நினைவை அளந்த கதை



இன்று நம் வீடுகளில் 'ஜிபி' என்ற சொல் காதில் விழாத நாள் இல்லை. "அப்பா, போன்ல ஜிபி பத்தல" என்கிறான் மகன். "முப்பத்திரண்டு ஜிபி பென்டிரைவ் வாங்கிட்டு வரணும்மா, டீச்சர் சொன்னாங்க" என்கிறாள் மகள். நாமும் வெள்ளியை எண்ணிக் கொடுத்து வாங்கி வருகிறோம். கணிப்பொறியில் செருகிப் பார்த்தால் அது முப்பத்திரண்டு என்று காட்டுவதில்லை. இருபத்தொன்பது சொச்சம் என்று காட்டுகிறது. "மீதி ரெண்டு எங்கே போச்சு? கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்காத தகப்பன் உண்டா?

கடைக்காரர் மேல் குற்றமில்லை. கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலகத்தில் நடமாடுகின்றன. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது ஓர் அளவு. கணிப்பொறி படித்துச் சொல்வது வேறோர் அளவு. இந்த இரட்டை அளவு எப்படி வந்தது, அறுபது ஆண்டுகளாகியும் ஏன் தீரவில்லை என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் விவரமானவர்கள். மரம் வெட்டிப் பாலெடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் இடத்துக்கு வந்து, கிராணி சொல்லும் ராத்தலைக் காதிலே வாங்கிக்கொண்டே தராசு முள்ளைக் கண்ணாலே பார்த்து நின்ற தலைமுறை நம்முடையது. ராத்தலுக்கு 16 அவுன்சு என்பது பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. ஊரிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்களுக்கு அதற்கும் முந்திய கணக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். எல்லாமே இரட்டித்து இரட்டித்துப் போகும் கணக்கு. படிக்கு 8 ஆழாக்கு, மரக்காலுக்கு 64 ஆழாக்கு. ஒரு நெல் குவியலைக் கண்ணளவில் இரண்டு பாதியாக்குவது சுலபம். பத்துப் பங்காக்குவது கஷ்டம். இரட்டைக் கணக்கு நிலைத்ததற்கு அது ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த 8, 16, 64 என்ற எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடியும் வரும்.

பத்துப் பத்தாகப் பெருகும் கணக்கைச் சட்டமாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புரட்சி நடந்த கையோடு 1795ஆம் ஆண்டில் மீட்டர், கிராம் எல்லாவற்றையும் அறிவித்தார்கள். கிரேக்க மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கிலோ' என்ற முன்னொட்டைச் செய்தார்கள். கிலோ என்றால் ஆயிரம்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1960இல் உலக நாடுகள் கூடி ஒரே அளவு முறையை வகுத்தபோது மெகா என்றால் பத்து இலட்சம், கிகா என்றால் நூறு கோடி என்று அதே வரிசையில் உறுதி செய்தார்கள். ஜிபி என்பதில் வரும் 'ஜி' இந்தக் கிகாதான். மலேசியாவிலும் 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு ராத்தலும் மைலும் படிப்படியாக விடைபெற்றன; கிலோவும் கிலோமீட்டரும் வந்து சேர்ந்தன.

இப்போது கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறிக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான். விளக்கு எரிகிறது, எரியவில்லை. அதை 1 என்றும் 0 என்றும் எழுதுகிறார்கள். இந்த இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் எழுதலாம், எந்தக் கணக்கையும் போடலாம் என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதி வெளியிட்டார். அந்த ஒற்றை இலக்கத்துக்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் டூக்கி என்ற கணித அறிஞர், 'பைனரி டிஜிட்' என்ற இரண்டு சொற்களை நறுக்கி ஒட்டி 'பிட்' என்றார். அதே கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெயர்பெற்ற கட்டுரையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி, அது டூக்கி தந்த சொல் என்றும் மறவாமல் எழுதினார். செய்தியையும் அரிசி போல அளக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய கட்டுரை அது.

ஒரு பிட்டை வைத்துக்கொண்டு ஆம், இல்லை என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஓர் எழுத்தை எழுத வேண்டுமானால் பல பிட்டுகளைக் கூட்டாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுக்கு 'பைட்' என்று பெயர் வைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் வெர்னர் புக்ஹோல்ஸ். ஆண்டு 1956. ஒரு கடி அளவு என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொல் அது. எழுத்துப் பிழையால் அது 'பிட்' என்று படிக்கப்பட்டுவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி எழுதினார்கள். முதலில் பைட்டுக்கு இத்தனை பிட் என்ற கட்டாயம் இல்லை. 1964இல் ஐபிஎம் 'சிஸ்டம் 360' என்ற கணிப்பொறி வரிசையைக் கொண்டு வந்தது. அதில் பைட்டுக்கு 8 பிட் என்று வைத்தார்கள். அது உலகம் முழுவதும் வழக்காகிவிட்டது. பாருங்கள், படிக்கு எட்டு ஆழாக்கு, பைட்டுக்கு எட்டு பிட்!

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். நம் எழுத்துக்கு இன்று பரவலாக உள்ள முறையில் மூன்று பைட் வேண்டும். கொம்பு, கால், புள்ளி சேர்ந்தால் அதற்குத் தனியாக மூன்று. 'தமிழ்' என்ற சொல்லைக் கணிப்பொறியில் எழுதினால் 15 பைட் பிடிக்கிறது. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தோடு முடிந்துவிடும். இது ஒரு பக்கக் கதை. விட்டுவிட்டு மேலே போவோம்.

ஆயிரத்து இருபத்து நான்கு என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? இதை மாணவர்கள் பள்ளித் திடலிலேயே செய்து பார்க்கலாம். பத்துப் பேர் வரிசையாக நில்லுங்கள். ஒவ்வொருவரும் கையைத் தூக்கலாம், அல்லது கீழே விடலாம். ஒருவர் நின்றால் இரண்டு விதம். இரண்டு பேர் என்றால் நான்கு விதம். மூன்று பேர் என்றால் எட்டு. ஆள் ஒருவர் கூடினால் விதம் இரட்டிக்கும். பத்தாவது ஆள் சேரும்போது 1,024 விதங்கள் கிடைக்கும். இப்போது ஒவ்வொரு விதத்தையும் ஒரு வீட்டின் கதவு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் 1,024 வீடுகளுக்கு முகவரி சொல்லலாம். ஆயிரம் வீடு மட்டும் கட்டினால் 24 முகவரிகள் வீணாகக் கிடக்கும். ஆயிரத்துக்கும் பத்துப் பேர் வேண்டும், ஆயிரத்து இருபத்து நான்குக்கும் அதே பத்துப் பேர்தான். எந்த மேஸ்திரி அந்த 24 வீட்டைக் கட்டாமல் விடுவான்?

கணிப்பொறியின் நினைவகத்தில் அந்தப் பத்துப் பேருடைய வேலையைப் பத்துக் கம்பிகள் செய்கின்றன. மின்சாரம் வந்தால் 1, வராவிட்டால் 0. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் தலைமையில் 'வேர்ல்விண்ட்' என்ற கணிப்பொறியைக் கட்டினார்கள். 1953இல் அதற்குக் காந்த வளைய நினைவகம் பொருத்தினார்கள். பாசிமணி போன்ற சின்னச் சின்ன வளையங்களைக் கம்பியில் கோத்து, வலை போலப் பின்னிய தகடுகள் அவை. நீளவாக்கில் 32 வளையம், அகலவாக்கில் 32 வளையம். பெருக்கிப் பாருங்கள், 1,024 வரும். இந்த வளைய நினைவகத்துக்கு வழி திறந்தவர்களில் சாங்காயில் பிறந்த அன் வாங் என்ற சீனரும் ஒருவர்.

ஆனால் எல்லாரும் இந்தக் கணக்கில் போகவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். 1959இல் ஐபிஎம் வெளியிட்ட 1401 என்ற கணிப்பொறி அலுவலகங்களுக்காகச் செய்தது. அதில் முகவரியே பத்துப் பத்துக் கணக்குதான். '4 கே' என்றால் சரியாக 4,000 எழுத்து. சம்பளக் கணக்குப் போடும் கிராணிமார் பழகிய கணக்கு அது. விஞ்ஞானிகளுக்கென்று செய்த 704 என்ற கணிப்பொறியிலோ இரட்டைக் கணக்கு. அதன் பெரிய நினைவகத்தில் 32,768 இடங்கள். வாயில் நுழைகிற எண்ணா இது? '32 கே' என்று சுருக்கிச் சொன்னார்கள். கிலோவின் முதல் எழுத்தைக் கடன் வாங்கி, ஆயிரத்து இருபத்து நான்குக்கு ஒட்டிவிட்டார்கள். ஆயிரத்துக்கு 24 கூட, நூற்றுக்கு 2.4தான் வித்தியாசம். கொசுறு போட்ட மாதிரி இருக்கட்டுமே என்ற நினைப்பு. பேசியவர்கள் எல்லாரும் பொறியாளர்கள்; ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்தது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்போதே குழப்பம் தலைகாட்டியது என்பதும் உண்மை. 65,536 இடமுள்ள நினைவகத்தை ஒருவர் '64 கே' என்றார். இன்னொருவர் '65 கே' என்றார். பொருள் ஒன்றுதான், பெயர் இரண்டு. 1964இல் ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் ஆகிய மூவரும் சிஸ்டம் 360 பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு 'கே' என்றால் 1,024 என்று குறித்தே வைத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1968இல், டொனால்ட் மாரிசன் என்பவர் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆயிரத்துக்கு உரிய எழுத்தை 1,024க்கு வைக்காதீர்கள், அதற்குத் தனியாகக் கிரேக்க எழுத்தான காப்பாவை வைத்துக்கொள்வோம் என்பது அவர் யோசனை. அதைப் படித்த வாலஸ் கிவன்ஸ் என்பவர் வேறு எழுத்துச் சேர்க்கை ஒன்றைச் சொன்னார். புரூஸ் மார்ட்டின் என்பவர் இந்த முன்னொட்டுகளே வேண்டாம், இரண்டை இத்தனை தடவை பெருக்கியது என்று எழுதிவிடுவோம் என்றார். மூன்றும் நல்ல யோசனைதான். ஒன்றையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கணிப்பொறி உலகம் சிறியதாக இருந்த காலத்தில், ஓர் எழுத்தை மாற்றுவதோடு தீர்ந்திருக்கக் கூடிய காரியம் அது. அதைத் தவறவிட்டது பெரிய தவறு என்பது என் எண்ணம்.

ஏனென்றால் அடுத்த இரண்டாண்டில் வேகம் பிடித்துக்கொண்டது. 1970இல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற நினைவகச் சிப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விரல் நுனி அளவுச் சில்லில் 1,024 பிட். கையால் கோத்த வளையங்களின் காலம் அதோடு முடிய ஆரம்பித்தது. அதே இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்த இடம் எது தெரியுமா? நம் பினாங்கு, பாயான் லெப்பாஸ். அங்கே இன்னும் பல கம்பெனிகள் வந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வேலைக்குப் போன இளம் பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிப்பில் ஒட்டினார்கள். நம் வீட்டு அத்தை, பாட்டி யாராவது அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சிப்புகள் 1,024இலிருந்து 4,096, 16,384, 65,536 என்று நான்கு மடங்கு நான்கு மடங்காக வளர்ந்தன. எல்லாம் இரட்டைக் கணக்கின் பிள்ளைகள். 1982இல் வந்த 'கொமடோர் 64' என்ற வீட்டுக் கணிப்பொறியின் பெயரில் உள்ள 64, அதன் 65,536 பைட் நினைவகத்தைக் குறிக்கிறது. வாங்கினவர்களுக்குச் சொன்னதை விடக் கூடவே கிடைத்தது. யார் குறை சொல்வார்கள்?

குறை வந்தது வட்டுகளால். தகவலைச் சேமிக்கும் வட்டு வேறு ஜாதிப் பொருள். 1956இல் ஐபிஎம் செய்த முதல் வட்டுப் பெட்டியில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தம் 50 இலட்சம் எழுத்து கொள்ளும். வட்டில் எத்தனை வளையம் போடலாம், ஒரு வளையத்தில் எத்தனை எழுத்து எழுதலாம் என்பதெல்லாம் தட்டின் அகலத்தையும் எழுதும் முனையின் நுட்பத்தையும் பொறுத்தது. பத்துக் கம்பி, 1,024 கதவு என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதனால் வட்டு செய்தவர்கள் ஆயிரத்தை ஆயிரமாகவே எண்ணினார்கள். தொலைபேசிக் கம்பியில் தகவல் அனுப்பியவர்களும் அப்படித்தான். கிலோ என்ற சொல்லின் அசல் பொருளோடு நின்றவர்கள் இவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு கணக்கையும் கலந்து பிறந்த வினோதம் ஒன்றும் உண்டு. தொண்ணூறுகளில் பள்ளிக் கணிப்பொறி அறையில் கையாண்டவர்களுக்கு நினைவிருக்கும், '1.44 எம்பி' என்று எழுதிய சதுரத் தட்டு. அதில் உள்ள பைட் 1,474,560. எம்பி என்பதைப் பத்து இலட்சம் என்று எடுத்தால் 1.47 வரும். 1,024ஐ 1,024ஆல் பெருக்கிய எண்ணாக எடுத்தால் 1.41 வரும். 1.44 எப்படி வரும்? ஆயிரத்தை 1,024ஆல் பெருக்கிய எண்ணை ஒரு 'எம்பி' என்று வைத்தால் வரும்! கோடிக்கணக்கில் விற்ற பொருளின் நெற்றியில் எழுதியிருந்த எண், எந்தக் கணக்கிலும் சேராத எண்.

கிலோவில் 2.4 ஆக இருந்த வித்தியாசம் மெகாவில் நூற்றுக்கு 4.9 ஆகிறது. கிகாவில் 7.4. டெராவில் ஏறத்தாழ 10. வட்டியும் குட்டியும் போல, படி ஏற ஏற இடைவெளி பெருகுகிறது. முன்பு ஊரிலே சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு புழங்கியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் படிகளைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பைட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? பெரியபடி என்று நினைத்துப் பணம் கொடுத்தவருக்குச் சின்னப்படியால் அளந்தால் கோபம் வரத்தானே செய்யும்?

கோபம் வழக்குமன்றம் வரை போயிற்று. அமெரிக்காவில் 80 ஜிபி என்று விற்ற வட்டு, கணிப்பொறியில் 74.5 என்று காட்டியது. 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவர்களுக்கு ஒரு மென்பொருளை இலவசமாகத் தந்து சமாதானமாகப் போயிற்று. 2007இல் சீகேட் நிறுவனம் விலையில் நூற்றுக்கு 5 திருப்பித் தரவோ, இலவச மென்பொருள் தரவோ சம்மதித்தது. பிறகு பெட்டிகளின் மேல் 'ஒரு ஜிபி என்றால் 1,000,000,000 பைட்' என்ற சின்ன எழுத்து வரி வழக்கமாயிற்று. 2020இல் சாண்டிஸ்க் மீது வந்த இதே மாதிரி வழக்கைக் கலிபோர்னியா மன்றம் தள்ளிவிட்டது. பெட்டியிலேயே அந்த வரி எழுதியிருக்கிறது, அதன் பிறகு ஏமாற்று என்று எப்படிச் சொல்வது என்பது நீதிபதியின் நியாயம். சட்டப்படி சரி. ஆனால் மூக்குக் கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான அந்த வரியை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இதற்கிடையில் வைத்தியமும் ஒன்று கண்டுபிடித்திருந்தார்கள். ஜெனீவாவில் உள்ள அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் புதுப் பெயர்களை ஏற்று, 1999 ஜனவரியில் வெளியிட்டது. கிலோ, மெகா, கிகா எல்லாம் ஆயிரக் கணக்குக்கே. இரட்டைக் கணக்குக்குக் கிபி, மெபி, கிகிபி அல்ல, 'ஜிபி' என்று ஒலிக்கும் சொல், பிறகு டெபி. கிபி என்றதும் நம் சரித்திரப் புத்தகத்துக் கி.பி. நினைவுக்கு வருகிறது! 1,024 பைட் ஒரு கிபிபைட். 1,073,741,824 பைட் ஒரு ஜிபிபைட். மாரிசன் கேட்டது முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது. விஞ்ஞானக் கட்டுரைகளிலும் லினக்ஸ் கணிப்பொறிகளிலும் இந்தப் பெயர்கள் நுழைந்துவிட்டன. கடைத்தெருவில் நுழையவில்லை. நாக்கில் ஒட்டாத பெயரை யார் சொல்வார்கள்?

ஆகவே இன்றும் நிலைமை இதுதான். கணிப்பொறியின் வேலை நினைவகம் '8 ஜிபி' என்றால் அது இரட்டைக் கணக்கு. பக்கத்திலேயே உள்ள வட்டு '500 ஜிபி' என்றால் அது ஆயிரக் கணக்கு. இரண்டும் ஒரே விளம்பரத்தில், ஒரே எழுத்தில் வரும். ஆப்பிள் நிறுவனம் 2009இல் தன் கணிப்பொறிகளை ஆயிரக் கணக்குக்கு மாற்றிவிட்டது. அதில் 500 ஜிபி வட்டு 500 என்றே தெரியும். விண்டோஸ் மாறவில்லை. அதே வட்டை அதில் மாட்டினால் 465 என்று காட்டும். பெட்டியில் போட்ட ஜிபியை 0.93ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டும் எண் ஏறத்தாழ வந்துவிடும், 64க்கு 59.6, 128க்கு 119. அந்தக் கணக்குக்கு அருகில் இருந்தால் பொருள் சரியான அளவுதான். மிகவும் கீழே போனால் கடையில் கேட்கலாம். கைப்பேசி மட்டும் வேறு விவகாரம்; அதை இயக்கும் மென்பொருளே பல ஜிபியைப் பிடித்துக்கொள்ளும்.

2022இல் உலக எடை அளவு மாநாடு ஆயிர வரிசையில் ரொன்னா, குவெட்டா என்று இன்னும் இரண்டு பெரிய முன்னொட்டுகளைச் சேர்த்தது. குவெட்டா என்றால் ஒன்றுக்குப் பின்னால் முப்பது பூச்சியம். அதற்கு இணையாக இரண்டை நூறு தடவை பெருக்கிப் பார்த்தால், வித்தியாசம் நூற்றுக்கு 26ஐத் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய வட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.